இடுப்பு நாடா

அன்புச்செல்வன் பால் பாக்கெட்டை எடுத்து வந்தான். ஜன்னல் கம்பியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைத்தான். டீ போட்டுக் குடித்தான். தையல் அறையைப் பெருக்கும்போது, இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் மாட்டியிருந்த தையல் பொம்மையின் முதுகுப் பக்கம் வந்ததும் நின்றான். நேற்று தளர்ந்து தொங்கிய கயிறு இன்று இறுகியிருந்தது.

அவன் மனைவி எழில்மதி கடைசியாகத் தைத்தது அது. போன மாதம் நுரையீரல் நோயில் போய்விட்டாள். மேலே பட்டு, உள்ளே முரட்டுப் பருத்தி, இரண்டுக்கும் நடுவே இரும்புப் பட்டைகள். இடுப்பில் வைக்கும் நாடா இழுத்தால் நீளக் கூடாது. கடை நாடா நீள்கிறதென்று, அவன் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டின் உள்துணியை அவனிடம் கேட்டு வாங்கிக் கிழித்து வைத்தாள்.

“அவ்ளோ கரிய சுமந்துகினு போவுது. ஒரு பொண்ணத் தாங்காதா?” என்று சிரித்தாள்.

மதியம், கார்செட் தைக்கச் சொல்லியிருந்த மணப்பெண் சண்முகப்பிரியா தாயோடு வந்தாள்.

“இன்னும் சரியா முடியலைங்க” என்றான்.

“சாயங்காலம் ரிசப்ஷன், தம்பி. இருக்கறதக் குடுங்க” என்றாள் தாய் தனகோடி. “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு மூச்சு முட்டுனாத்தான் அழகு.”

“சும்மா இரும்மா.”

இருவரும் தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அவன் கூடத்தில் நின்றான். தூரத்து அனல்மின் நிலையத்தின் இரைச்சலுக்கு அடியில், மின்விசிறியின் முனகலுக்கும் அடியில், கயிறு ஒவ்வொரு கண்ணாக வழுக்கிப் போகும் சத்தம் மெதுவாக, நிதானமாக, தைக்கத் தெரிந்த கை இழுப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் ரப்பர் வாடை கசிந்தது.

“போதும்மா.”

“நான் எங்கடி இழுத்தேன்?”

சத்தம் நிற்கவில்லை.

“தம்பி! உள்ள வாங்க!”

பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயின் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. கயிற்றின் நுனி அந்தரத்தில் விறைத்து நின்றது.

முன்பக்கக் கொக்கிகளைப் பிடித்தான். பின்கயிறு தளராமல் அவை கழலாது. கத்திரியை எடுத்தான். முதுகில் இரண்டு ஓரமும் ஒட்டிவிட்டன. நுழைக்க இடமில்லை. கீழ் விளிம்பிலிருந்து வெட்டினான். பட்டு கிழிந்தது. பருத்தி கிழிந்தது. நாடாவில் கத்திரி நின்றது.

அழுத்தினான். வழுக்கியது.

மீண்டும்.

இடுப்பு சிறுத்தது. உள்ளே ஏதோ முறிந்தது. இரும்பு இல்லை.

“எதாச்சும் பண்ணுங்க தம்பி!”

பெண்ணின் உதடுகள் நீலமாகி அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் எழில்மதி ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கியபோதும் உதடுகள் இப்படித்தான் இருந்தன. ஆனால் அவளுக்குக் குரல் இருந்தது. மாஸ்க்கின் பட்டையைச் சொல்கிறாள் என்று நினைத்து அதைச் சரிசெய்தான். அதன் பிறகு அவள் பேசவில்லை. அன்று அவள் கடைசியாகச் சொன்னது:

“இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. எனக்கு மூச்சு வந்துகினே இருக்கு.”