துண்டுக்கு அடியில் முடிந்த விலை

மனைவியின் இதயத்துக்கு மருத்துவமனை சொன்ன விலை நான்கு லட்சம். மண்டித் தெருவே கறார் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற அவர் அதை மூன்று இருபதுக்கு இறக்கினார். மிளகாய் மண்டியிலேயே தலை நரைத்த மனுஷன், சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் அன்று தூக்கம் வராது. அவள் தேறி எழுந்ததும், கடற்காற்று நல்லது என்று மருத்துவர் சொல்ல, மண்டித் தெருவின் ஓய்வுபெற்ற பெரிசுகள் கும்பலாகக் கிளம்பிய இந்தத் தீவுப் பயணத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு சேர்ந்தார். அதிலும், அவள் பத்தியக்காரி என்று சொல்லிச் சாப்பாட்டுக் காசில் பாதியைக் கழித்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வலது கை மட்டும் காலையிலிருந்து காயவில்லை.

துடைத்துப் பார்த்தார். வெயிலில் நீட்டிப் பார்த்தார். விரல் இடுக்குகளில் மறுபடியும் ஈரம் கசிந்தது, பாசி வாடையோடு.

காலையில் படகுத்துறையில் மற்றவர்கள் சங்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, கடைசிப் பலகையில் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் கூடையில்லை, விரிப்பில்லை. கையை மூடி ஒரு துண்டு மட்டும். மண்டியில் அப்படித்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்கு அடியில் விலைக்குத் தக்கபடி இத்தனை விரல் என்று பிடித்து. அந்தத் துண்டைப் பார்த்ததும் கறாருக்குக் கை ஊறியது. என்ன சரக்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. உள்ளே கையை விட்டார். சில்லென்ற கை ஒன்று அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. இவர் இரண்டை அழுத்தினார். அது நாலுக்கு வந்தது. இழுத்துப் பிடித்து மூன்றில் முடித்தார். அவன் வாய் நிறையச் சிரித்தான். அடிமாட்டு விலைக்கு விட்டவன் அப்படிச் சிரிப்பதில்லையே என்று யோசிப்பதற்குள் வழிகாட்டி கூப்பிட்டுவிட்டான். திரும்பிப் பார்த்தபோது பலகையில் ஈரம் மட்டும் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் போயிற்று. விடுதியின் கடல் பார்த்த தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முழங்கால் வரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் மூட்டுத் தைலம் நெடியடித்தது. யாருடைய பல்செட்டோ அசைகிற சத்தமும், காதுக் கருவி ஒன்றின் மெல்லிய விசிலும், இவை எல்லாவற்றுக்கும் அடியில், படகுத்துறைக் கட்டைகளுக்குள் தண்ணீர் நுழைந்து நுழைந்து யாரோ கஞ்சி உறிஞ்சுவதுபோல் எழுப்புகிற ஓசையும் கேட்டுக்கொண்டிருந்தன. இடது பக்கம் பாத்திரக்கடைக்காரர். வலது பக்கம் மனைவி. போர்வைக்குள் அவள் கை அவர் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. பாவம், குளிர்கிறது போல.

பேச்சுக்காகக் காலையில் போட்ட பேரத்தைப் பாத்திரக்கடைக்காரரிடம் சொன்னார். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"யோவ் கறாரு, வயசாயிடுச்சுய்யா உனக்கு. சரக்கே இல்லாம உக்காந்திருக்கிறவன் விக்க வந்தவனா? வாங்க வந்தவன்யா அவன். அவன் அஞ்சு தரேங்கிறான், நீ என்னடான்னா அடிச்சு மூணாக்கியிருக்கே."

"நான் எதை வித்தேன்?"

"அதை நீதான் சொல்லணும்."

கறாரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. போர்வைக்குள் இருந்த கை அவருடைய மூன்று விரல்களை எடுத்து, நிதானமாக அழுத்தியது.

விடுதிப் பெண் மெழுகுவர்த்தியோடு வந்தாள். வெளிச்சம் ஒவ்வொரு மடியாகத் தாண்டி வந்து மனைவி மேல் விழுந்தது. அவள் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தாள்.

இரண்டு கையாலும்.

கறார் கையை இழுத்தார். வரவில்லை. ஐந்து விரலையும் நீட்டி அழுத்தினார். விற்றதைத் திருப்பி வாங்கப் பார்த்தார். பத்து என்றார் விரலால். வீடு. மண்டி. கடைசியில் தன் நெஞ்சையே தொட்டுக்காட்டினார். அந்தக் கை மறுபடியும் அதே மூன்றை அழுத்தியது. பொறுமையாக. முடிந்த பேரத்தைக் கலைக்க வருகிறவர்களை அவரும் இப்படித்தான் அனுப்பியிருக்கிறார்.

மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, யாரோ கூப்பிடறாங்க. என்னன்னு கேட்டுட்டு வரேன்."

"போகாதே" என்றார். வாயிலிருந்து உப்புத் தண்ணீர்தான் வந்தது.

"இந்த மழையில எங்கம்மா?" என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டார். அதற்குள் யாரோ சீட்டுக்கட்டைக் கலைக்க, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவள் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். நனைந்த மணலில் நடந்தாள். படகுத்துறைப் படியில் இறங்கினாள். முழங்கால். இடுப்பு. தையல் போட்ட நெஞ்சு. தலை மூழ்கும் வரை ஒருதரம்கூடத் திரும்பவில்லை. கறாரால் எழ முடியவில்லை.

பிறகு போர்வைக்குள் பிடி தளர்ந்தது.

கையை வெளியே எடுத்தார். இப்போது நன்றாகக் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் உப்பு அரித்துத் தலை அழிந்த காசுகள். மெழுகுவர்த்திக்கு நேராகப் பிடித்து, பழக்கதோஷத்தில், அவருடைய விரல் தானாக எண்ணியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

பேசியபடி சரியாக இருந்தது.