பென்சில் வந்தாச்சா?

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு வழக்கம்போல அலுவலகம் வந்தேன். குடையை மடக்கி மாட்டினேன், மேசையைத் துடைத்தேன். நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, இண்டர்காம் அலறியது.

"நிழல் சார், கொஞ்சம் மேல வாங்க. லிஃப்ட் வேணாம். பின்படி வழியா வாங்க."

முதலாளியின் மகன். எப்போதும் தொண்டை கிழியப் பேசுகிற மனுஷன், அன்று கிசுகிசுத்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. பகல் பன்னிரண்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பிக்கும். கீழ்த்தளத்தில் அச்சுக்கூடம், நடுத்தளத்தில் ஆசிரியர் குழு, மேல்தளத்தில் முதலாளி குடும்பத்தின் வீடு. வானொலி, தொலைக்காட்சி என்று முதலாளி, எங்கள் பெரியவர், பிறகு எத்தனையோ தொடங்கினார். ஆனாலும் பத்திரிகையின் தலைமேல்தான் குடியிருப்பேன் என்று கடைசிவரை இடம் மாறவில்லை. முதல் பக்கத்தில் தினமும் அவர் பெயரில் ஒரு பத்தி வரும். ஆறு வருடமாக அதை எழுதுவது நான். அவர் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து நான் அவருக்கு நிழல். அவர் வைத்த பெயர்தான், அதுவே நிலைத்துவிட்டது.

ஆனால் பென்சில் மட்டும் அவருடையது. மூன்று தளத்தையும் இணைத்து சுவருக்குள் ஒரு சின்ன மரப்பெட்டி கயிற்றில் ஏறி இறங்கும். பதினோரு மணிக்கு முதல் பக்கத்தை அச்சடித்துப் பெட்டியில் வைத்து மேலே அனுப்புவோம். அது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். படித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டு, மணியை அடித்துத் திருப்பி அனுப்புவார். அந்த டிக்கைக் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கூட ஃபோர்மேன் மெஷினைத் தொடமாட்டார். பிரதமரே வந்து சொன்னாலும், "பென்சில் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்.

மேலே போனேன். அறை வாசலிலேயே குளிர் முகத்தில் அறைந்தது. ஏசியைக் கடைசிவரை தணித்து வைத்திருந்தார்கள். பெரியவர் வழக்கமாகத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. கட்டிலில் கழுத்துவரை போர்வை. கண்கள் மூடியிருந்தன.

"விடியக்காலைல அப்பா போயிட்டார்," என்றார் மகன். "தூக்கத்துலயே. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே போய்ச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது நமக்குள்ளயே இருக்கட்டும். எனக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். பெரியவர் எல்லாவற்றையும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதி வைத்திருந்தார். மகள் வெளியூரில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பத்தைந்து வயதாகியும் அலுவலகம் முழுக்க அவருக்குப் பெயர் பாப்பா. வெள்ளிக்கிழமை பகல் இயக்குநர்கள் கூட்டம். அதற்குள் பெரியவர் உயிரோடு இருக்கையிலேயே பங்குகள் முழுவதையும் மகனுக்கு மாற்றிக் கொடுத்ததாக ஒரு பத்திரம் வந்துவிட்டால், பாப்பாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதுவரை பத்தி வர வேண்டும், பென்சில் வர வேண்டும். பத்திரத்தில் கையெழுத்தும் வர வேண்டும். பெரியவர் கையெழுத்தை அப்படியே போடத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

"ஆசிரியர் நாற்காலி உங்களுக்கு," என்றார். "கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே."

எனக்கு ஆசை வந்தது. இந்தப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் எழுதியும் என் பெயரில் ஒரு வரி வந்ததில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமைப் பக்கத்தை நானே கையில் மேலே எடுத்துப்போய், டிக் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பத்தி எழுதினேன். 'நான் நலமாக இருக்கிறேன். விசாரித்த அனைவருக்கும் நன்றி' என்று முடித்தேன். பென்சில் டிக்கையும் நானே போட்டுவிட்டேன். ஆனால் பெட்டி மேலே போய் வருவதை எல்லோரும் பார்க்க வேண்டுமே! அதற்காக அனுப்பினேன். நர்ஸம்மா எடுத்து இரண்டு நிமிடம் வைத்திருந்து, மணியடித்து இறக்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. பாப்பா.

"சார், அண்ணன் ஃபோனே எடுக்க மாட்டேங்கறான். அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்மா."

"நிஜமாவா? ரெண்டு நாளா மனசே சரியில்ல. கிளம்பி வரட்டுமா?"

"எதுக்கும்மா அலையறீங்க? சனிக்கிழமைதான் எப்படியும் வர்றீங்களே. இப்பகூட ஐயா மேல புரூஃப் பாத்துக்கிட்டுதான் இருக்கார்."

மணி அடித்தது. பெட்டி இறங்கி வந்து நின்றது.

தாளை எடுத்தேன். ஜில்லென்று இருந்தது. நான் போட்ட டிக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு. 'நான் நலமாக இருக்கிறேன்' என்ற வரி முழுவதும் சிவப்பில் அடிபட்டிருந்தது. கோடு நேராக இல்லை. நடுங்கி நடுங்கிப் போயிருந்தது.

தாளைக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

பின்படி வழியாக ஓடினேன். நர்ஸம்மா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு இதுல கை வச்சீங்க?"

"நானா? நான் இன்னும் உள்ளயே போகலயே சார். பூட்டைத் திறக்கறதுக்குள்ள மணி அடிச்சுடுச்சு. நீங்கதான் கீழேருந்து இழுத்தீங்கன்னு நினைச்சேன்."

இருவரும் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாவி அவர் கையில் இருந்தது.

மகனிடம் சொன்னேன். சிரித்தார். "பயத்துல நீங்களே அடிச்சிருப்பீங்க சார். ஆறு வருஷமா அவர் கையாதானே இருக்கீங்க. போய் ஒரு காபி குடிங்க." நானும் அப்படித்தான் இருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். வேறு தாள் அச்சடித்து, வேறு டிக் போட்டு, ஃபோர்மேனிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஐயா கை ரெண்டு நாளா நடுங்கவே இல்லயே. தேறிட்டாரு போல!" என்றார் சந்தோஷமாக.

புதன்கிழமை நான் டிக் போடாமலே அனுப்பினேன். சோதித்துப் பார்க்க நினைத்தேன். நர்ஸம்மாவையும் கீழே வரவழைத்து எதிரில் உட்கார வைத்துக்கொண்டேன். மகன் வெளியே போயிருந்தார். மேலே உயிருள்ள ஆள் ஒருவரும் இல்லை.

பெட்டி ஏறியது. கப்பி கிரீச்சிட்டது. நின்றது.

சுற்றிலும் பட்டப்பகல். தட்டச்சுச் சத்தம், யாரோ யாரையோ கிண்டல் செய்யும் சத்தம், சன்னலில் வெயில். நானும் நர்ஸம்மாவும் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சதுர ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து குளிர் காற்று கசிந்தது. கூடவே தைலம்.

அப்புறம் கேட்டது. மேலே, வெகு மெதுவாக, பென்சில் தாளில் உரசும் சத்தம்.

நிதானமாக. விட்டுவிட்டு.

மணி.

பத்தி மொத்தமும் அடிபட்டிருந்தது. அடியில் இரண்டே சொல்: 'மகளைக் கூப்பிடு.'

நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. நான் போயிருக்கலாம். கைபேசியை எடுத்து ஒரு நம்பரை அழுத்தியிருக்கலாம். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் புதுத் தாள் அச்சடித்தேன். மறுநாள் பெட்டியை அனுப்பவே இல்லை, டிக் போட்டு நேரிலேயே கொடுத்தேன். அந்த நாற்காலி என் கண்ணை அவ்வளவு மறைத்திருந்தது.

வியாழக்கிழமை மாலை மகன் பத்திரத்தைக் கொண்டுவந்தார். அப்பாவின் அறையில், அப்பாவின் பேனாவாலேயே போட வேண்டும் என்றார். "யாராவது கேட்டா, அவர் ரூம்லதான் கையெழுத்தாச்சுன்னு தயங்காம சொல்லலாம் பாருங்க." அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்கே பெருமை.

கட்டிலோரம் உட்கார்ந்து போட்டேன். வியாழக்கிழமைத் தேதியும் எழுதினேன். என் கை ஒரு இம்மிகூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

எழுந்திருக்கும்போது பார்த்தேன். தலைமாட்டு மேசையில் பெரியவரின் பென்சில். திங்கட்கிழமை புதிதாக முழுசாக இருந்தது. இப்போது பாதிதான் இருந்தது. போர்வைமேல் சீவிய தூள், சிவப்பாக. போர்வைக்கு வெளியே கிடந்த கையின் ஆள்காட்டி விரலிலும் அந்தச் சிவப்பு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கை போர்வைக்குள் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

மகன் பார்க்கவில்லை. பத்திரத்தை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய மனிதர்கள் செத்தால் அடித்துப்பிடித்து எழுத முடியாது என்று பத்திரிகைகளில் அவர்களுடைய மரணச் செய்தியை முன்கூட்டியே தயாரித்து வைப்பார்கள். பெரியவருடையதையும் மூன்று வருடத்துக்கு முன்பே நான் எழுதி, படம் வைத்து, முழுப் பக்கமாகவே கட்டி, ஒரு பிரதியை என் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். தேதியும் நேரமும் மட்டும் காலி. அவருக்கு அது தெரியும். "என் சாவுச் செய்தியை எப்பய்யா காட்டப் போற?" என்று கேலி செய்வார். "பென்சில் இல்லாம என் பேப்பர்ல எதுவும் வராது. அதுவும்தான்!" நான் காதைப் பொத்திக்கொள்வேன். கடைசிவரை காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பக்கத்தைப் பெட்டியில் வைக்க நேரமில்லாமல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போது உடனிருந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். இயக்குநர்கள் பத்திரத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர், "நேத்து போட்டதா? பரவாயில்லயே, திடமா போட்டிருக்காரே," என்றார். மகன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போது மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை மெல்ல அதிர்ந்தது.

எங்கள் கட்டடத்தில் அது ஒன்றினால்தான் அதிரும்.

மெஷின்.

"என்னய்யா இது, இன்னும் பென்சில் போகலயே?" என்றார் மகன். முகம் வெளிறியது. கடிகாரத்தில் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். பின்னாலேயே அவரும்.

அச்சுக்கூடத்தில் பேப்பர் கட்டுக்கட்டாக விழுந்துகொண்டிருந்தது. முதல் வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெஷின் பக்கத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் மகன்.

"பென்சில் வந்துடுச்சு சின்னய்யா. பெட்டி நேரா இங்க வந்து நின்னு மணி அடிச்சுது. ஐயா சொன்னப்புறம் நிறுத்த நான் யாரு?"

தாளை நீட்டினார். என் இழுப்பறையில் பூட்டிக் கிடக்க வேண்டிய மரணப் பக்கம். சாவி இந்த நிமிடமும் என் இடுப்பில்தான் இருந்தது.

காலி இடத்தில் சிவப்பில், நடுங்கும் எழுத்தில் நிரப்பியிருந்தது: 'திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து பத்து.' கீழே ஓரிடத்தில் 'மகன் அருகிலிருக்க அமைதியாக உயிர் நீத்தார்' என்று மூன்று வருடத்துக்கு முன்பே சம்பிரதாயத்துக்காக எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு மேலே, 'யாரும் இல்லை.'

மூலையில் டிக்.

திங்கட்கிழமை செத்தவர் வியாழக்கிழமை கையெழுத்துப் போட முடியாது. ஊர் முழுக்க விற்றுத் தீர்ந்த பேப்பரை யாராலும் திருப்பி வாங்க முடியாது. மகன் அந்த வரியைப் படித்தார். 'யாரும் இல்லை' என்ற இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. "நான் பக்கத்து ரூம்லதான்… கொஞ்சம் கண்ணயர்ந்துட்டேன்…" என்று யாருக்கோ சொன்னார். எங்களுக்கு இல்லை.

மாலையில் பாப்பா வந்தார். கையில் அந்தப் பேப்பர். திட்டுவார், அறைவார் என்று காத்திருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை நான் ஃபோன் பண்ணப்ப நீங்க எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"பெட்டி பக்கத்துலம்மா."

"நாலு நாள் சார். நாலு நாள் எங்கப்பாவ அந்தக் குளிர்ல தனியாப் போட்டு வச்சிருந்தீங்க." பேப்பரை நாலாக மடித்தார். "நடந்தத ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க. அப்புறம் என் கண்ணுலயே படாதீங்க."

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விட்டது. வழக்கு நடக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு வெகு தூரத்தில், ஒற்றை அறை. பெட்டியும் இல்லை, கயிறும் இல்லை.

இதை நான் எழுதுவது நாலாவது முறை. நாற்காலி தருவதாக மகன் சொன்ன இடத்தில், முதல் மூன்று முறையும் 'எனக்கு வேறு வழி இருக்கவில்லை' என்றுதான் எழுதினேன். மூன்று முறையும் காலையில் எழுந்து பார்த்தபோது அந்த ஒரு வரி மட்டும் சிவப்பில் அடிபட்டிருந்தது. நாலாவது முறை 'எனக்கு ஆசை வந்தது' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை எதுவும் அடிபடவில்லை. அறையில் தைல வாசனை. மேசையில் நான் வாங்காத ஒரு பென்சில், கட்டை விரல் நீளத்துக்கு.

இதற்கு மேல் எழுத இடமில்லை. தாளின் மூலையில் டிக் விழுந்துவிட்டது.