தேதி தெரிந்த கெண்டை மீன்

அரச குடும்பத்து விவகாரம் எதுவும் இனி தன் தலையில் விழாது என்ற நம்பிக்கையில்தான் ப்ரெபெனெல் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். விழுந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ருக்ஸாந்த்ரா, இளவரசி அக்ரிப்பினாவின் பயணங்களைக் கவனிக்கும் செயலாளர். அழுது முடித்த முகம்.

“தவக்காலத்துல ஒரு நாள் வால்யா மோரிக்குப் போறோம்னு மட்டும்தான் வெளியில சொல்லியிருந்தோம் ஐயா. போன புதன்கிழமைதான் இளவரசியம்மா எங்ககிட்ட தேதியே சொன்னாங்க. மார்ச் இருபத்தஞ்சு, மங்கள வார்த்தைத் திருநாள் அன்னைக்காம். அதே வாரம் அங்க மேயர் தேர்தல், வேண்டாமேன்னேன். ‘சத்தமில்லாம போயிட்டு வந்துடலாம்’னாங்க. சனிக்கிழமை பாத்தா அந்த ஊர் மேயர் தேதியைப் போட்டு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிட்டார்.”

“பழி உங்க மேல.”

“நான்தான் அவருக்குச் சொன்னேனாம். நாளைக்கு வேலையை விட்டு அனுப்பறாங்க. பத்திரிகையில பேர் வரும்.”

“புதன்கிழமை வேற யாருக்குத் தெரியும்?”

“இளவரசியம்மாவோட டிரைவருக்கு. அந்த ஊர் பாதிரியாருக்கு.”

“பாதிரியார்தாண்ணே,” என்றான் கோஸ்டெல். ப்ரெபெனெலின் காரை ஓட்டுபவன். கதவைத் திறக்கும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுவான்.

“நீ வண்டியை எடு,” என்றார் ப்ரெபெனெல். முழங்கால் வலித்தது.

வால்யா மோரியில் அவர் மேயரையும் பார்க்கவில்லை, பாதிரியாரையும் பார்க்கவில்லை. இளவரசிக்கு விருந்து சமைக்கப்போகும் விடுதிக்குப் போய் சூப் கேட்டார். சமையல்காரி சாஃப்தா வெடித்தாள்.

“மொதல்ல பீன்ஸ் மசியல் போதும்னாங்க. போஸ்டர் ஒட்டறதுக்கு நாலு நாள் முன்னாடி, செவ்வாய்க்கிழமை, மேயர் ஆபீஸ்லேருந்து ஆள் ஓடி வந்து, நல்ல கெண்டை மீனா ஏற்பாடு பண்ணுன்னான். நெனச்ச நேரத்துல மீன் என்ன என் பாவாடையிலயா இருக்கு?”

ப்ரெபெனெல் சூப்பை முடிக்காமலே எழுந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவருக்கோ அலுப்பாக இருந்தது.

மாலையில் இளவரசியின் வரவேற்பறையில் ருக்ஸாந்த்ரா சுவரோரம் நின்றாள். கோஸ்டெலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“தவக்காலத்துல நம்ம ஆர்த்தடாக்ஸ் சபை ஆளுங்க யாரும் மீனைக்கூடத் தொட மாட்டாங்கம்மா,” என்றார் ப்ரெபெனெல். “ரெண்டே நாள்தான் விதிவிலக்கு. ஒண்ணு குருத்தோலை ஞாயிறு. அது வர்றதுக்குள்ள தேர்தலே முடிஞ்சிடும், அன்னைக்கு நீங்க வந்து மேயருக்கு லாபமில்லை. இன்னொண்ணு மங்கள வார்த்தைத் திருநாள். பீன்ஸை விட்டுட்டு மீன் கேட்டவருக்குச் செவ்வாய்க்கிழமையே தேதி தெரியும். இந்தப் பொண்ணுக்கும் டிரைவருக்கும் பாதிரியாருக்கும் அது புதன்கிழமைதான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி அந்தத் தேதி ஒரே ஒருத்தர் மனசுலதான் இருந்தது.”

“எங்கப்பா வேற தேசத்து மண்ணுல கிடக்கிறார்,” என்றாள் இளவரசி. “அந்த ஊர் கோயில்ல அவரை அடக்கம் பண்ண மேயர் சம்மதிச்சார். தேர்தலுக்கு முன்னாடி வந்தா போதும்னார். தேதியை நான்தான் சொன்னேன்னு வெளிய வந்தா, அவர் ஜெயிக்க நான் பேரம் பேசினதா ஆயிடும், எல்லாம் போச்சு.”

“அதுக்கு இவ வேலை போகணுமா?” ப்ரெபெனெலுக்குக் கோபம் வந்தது. அதுவும் களைத்த கோபமாகவே வந்தது.

ருக்ஸாந்த்ரா அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்தாள். “என் பேரே இருக்கட்டும்மா. உங்கப்பா ஊர் வந்து சேரட்டும். ஆனா எங்கப்பா பேப்பர் படிக்கிறவர். நான் அப்படிச் செய்யலைன்னு அவர்கிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க.”

இளவரசி போனைத் தன் பக்கம் இழுத்து, நம்பர் கேட்டாள்.