நீலக் கதவில் ஒரு வட்டம்

மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டே நிமிர்ந்தவள் தன் வீட்டுக் கதவில் ஒரு சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தாள். பூட்டுக்கு ஒரு சாண் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. மாலை ஐந்து மணிதான் ஆகிறது. வெள்ளத்துக்குப் பிறகு கரண்ட் வராத கட்டடம், அதனால் படிக்கட்டு இருட்டிக் கிடந்தது. அந்த மங்கலிலும் வட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

இந்தத் தெருவுக்கு இன்னும் யாரும் வெள்ள நிவாரணத்துக்காகக் கணக்கெடுக்க வரவில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் கணக்கெடுப்பதே அவள் வேலை. சுகாதாரத் துறையில் களப்பணியாளர். பதினான்கு வருடமாகக் கையில் சாக்பீஸோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறவளுக்கு அலுவலகத்தில் ‘டீச்சர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு வீட்டைப் பார்த்து முடித்தால் கதவில் வட்டம் போட்டு, அதற்குக் கீழே தேதி எழுத வேண்டும். டீச்சர் இன்னைக்கு எத்தனை முட்டை போட்டாங்க என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

குனிந்து பார்த்தாள். கீழிருந்து தொடங்கி வலப்பக்கமாக ஏறி, இடது பக்கத்தில் துளி இடைவெளி விட்டு நின்ற வட்டம் அது. அலுவலகத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அது அவள் போடுகிற வட்டம். கீழே எழுதியிருந்தது இன்றைய தேதி இல்லை, ஒன்பது நாளைக்கு முந்தையது.

யாரோ வேலையற்றவர்கள் செய்த விளையாட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். போய்விட்டது. பூட்டைத் திறந்து, அதைக் கொண்டியிலேயே மாட்டிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் சாவியோடு உள்ளே போனாள்.

வெளியே போகும்போதெல்லாம் கணவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் கம்பத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. நிவாரணம் தருவதாகச் சொன்ன மந்திரி மாலையும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. திறந்து போட்டுவிட்டுப் போனால் யார் வேண்டுமானாலும் நுழையலாம், அவரால் எழுந்து ஏனென்று கேட்க முடியாது. அதனால் பூட்டு. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர், ஒரு எவர்சில்வர் டம்ளர். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தவேண்டாம் என்று டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒன்று தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வை. மூன்று தட்டினால் உடனே வா. இருவருக்குள்ளும் பேச்சுக்கு அடுத்தபடியாக அதுதான் பாஷை.

அவர் நெற்றியில் கை வைத்தாள். காலையில் கதகதப்பாக இருந்தது இப்போது அனலாகக் கொதித்தது. முதுகுப் புண் சீழ் வைத்துவிட்டது, ஊசி போட்டே ஆகவேண்டும். ஆஸ்பத்திரியின் தரைத்தளம் இன்னும் சேற்றில் கிடக்கிறது. ஆம்புலன்ஸ் எல்லாம் ஆளுங்கட்சித் தலைவரின் நாளைய வருகைக்கு நிறுத்தப்பட்டிருக்கின்றன. சூப்பர்வைசரிடம் கெஞ்சியதில், மருந்து வண்டியை ஐந்தரை மணிக்கு இந்தத் தெருவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். வண்டி வந்தால் இவர் பிழைப்பார். வராவிட்டால் இன்று ராத்திரி தாண்டாது. அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“வந்துட்டியா?” கண்ணைத் திறக்காமலே கேட்டார். “என்ன விளையாட்டும்மா இது? தட்டிட்டுத் தட்டிட்டுப் போற.”

“நான் எங்கங்க தட்டினேன்? இப்பதானே வர்றேன்.”

“மூணு தடவை தட்டின. யாராவது இருக்கீங்களான்னு கேட்ட. உன் குரல் எனக்குத் தெரியாதா? நானும் டம்ளரைத் தட்டினேன். நீ பேசாம போயிட்ட.”

காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நினைத்தாள். ஈரத்துணியை அவர் நெற்றியில் போட்டபோது மூக்கில் ஒரு வாடை ஏறியது. வெள்ளம் வடிந்த வீடுகளின் வாடை. சேறு, ஊறிய பஞ்சுமெத்தை, அழுகிய மரம், அடியில் இன்னொன்று. தண்ணீர் ஏறாத மூன்றாம் மாடிக்கு அது எப்படி வரும்? தன் சேலையில் ஒட்டி வந்திருக்கும் என்று முந்தானையை முகர்ந்து பார்த்தாள். அதில் சாக்பீஸ் வாசனைதான் இருந்தது.

ஒன்பது நாளைக்கு முன்னால் இதே வாடைக்குள்தான் நின்றாள்.

ஆற்றங்கரைப் பகுதி. நீலக் கதவு. இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு, வெளியே பூட்டு தொங்கியது. மூன்று முறை தட்டி, யாராவது இருக்கீங்களா என்று கேட்டாள். பதில் இல்லை. திரும்பி நடக்கப் போனபோது கேட்டது. டங். டங். டங். உலோகத்தில் உலோகம் படுகிற ஓசை. மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பலம் சேர்த்துக்கொண்டு.

போன் அடித்தது.

“டீச்சரம்மா, எங்க இருக்கீங்க?” என்றார் சூப்பர்வைசர். “தலைவர் நாலு மணிக்கு மேடை ஏறிடுவாரு.”

“சார், ஒரு வீடு பூட்டியிருக்கு. ஆனா உள்ள ஏதோ சத்தம் கேக்குது சார்.”

“எலியா இருக்கும். வட்டத்தைப் போட்டுட்டு வாங்க.”

“பூட்டின வீடுன்னு எழுதிக்கட்டுமா?”

“அந்தக் கட்டமே இப்ப ஃபாரத்துல கிடையாதும்மா. ஒரு வீடு விடாம பாத்தாச்சுன்னு தலைவர் நேத்தே பேட்டி குடுத்துட்டாரு. அவரைப் பொய்யர் ஆக்கப் போறீங்களா?”

ஃபாரத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தின் மேல் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு இழுத்திருந்தார்கள். இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது. வட்டம் போட்ட வீட்டுக்கு அதன்பிறகு மருந்து வண்டி வராது, தண்ணீர் வண்டி நிற்காது, படகில் வருகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அது ஊரில் எல்லோரையும்விட அவளுக்குத் தெரியும். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கும் என்பதும், பூட்டிவிட்டுப் போனவர் வெள்ளத்தில் திரும்பி வராமல் போயிருக்கலாம் என்பதும், மூன்று தட்டு என்றால் என்ன என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வட்டம் போட்டாள்.

நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று நினைத்தது உண்மை. மறுநாள், தலைவரின் அடுத்த கூட்டத்துக்காக, மேடை நாற்காலி துடைக்க அவளைப் போட்டார்கள். அதற்கடுத்த நாள் வரவேற்பு ஒத்திகை. பிறகு அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருப்பது சுலபமாக இருந்தது. நாளைக்கு அதே மேடையில், தனக்கு ஒதுக்கிய நானூற்றுப் பன்னிரண்டு வீடும் முடித்ததற்காக, தலைவர் கையால் அவளுக்குச் சான்றிதழ்.

கீழே தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர்ந்து போனது. “ஒரு வீடுகூட விடுபடவில்லை! ஒரு உயிரையும் கைவிடவில்லை!” என்று பதிவு செய்த குரல் முழங்கியது. ஆட்டோ வளைவில் திரும்பிய பிறகும் குரல் தேய்ந்து தேய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அது அடங்கியபோதுதான் அதற்கு அடியில் இன்னொரு ஓசை இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்ததை உணர்ந்தாள்.

டங். டங். டங்.

“என்னங்க, இங்கதானே இருக்கேன். எதுக்குத் தட்டுறீங்க?” என்று திரும்பினாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மார்மேல் இருந்தன. டம்ளர் செம்பின் மேல் கவிழ்த்து வைத்தபடி இருந்தது.

சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளத்தன்றே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுவரில் காதை வைத்தாள். சில்லென்று இருந்தது. கன்னத்தை எடுத்தபோது ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு அடியில் காலை நகர்த்தினாள், பாதத்தில் தண்ணீர் பட்டது. செம்பு சாய்ந்திருக்கும் என்று துணியை எடுத்துத் துடைத்தாள். பிழிந்தாள். கலங்கல் தண்ணீர், நகக்கண்ணில் வண்டல். மறுபடி துடைத்தாள். துடைத்த இடம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லக் கறுத்து, பளபளத்து, மீண்டும் நிறைந்தது.

சுவரில் ஒரு கோடு தெரிந்தது. இடுப்பளவு உயரத்தில், மண் நிறத்தில், அறை முழுக்க ஒரே மட்டமாக. காலையில் அது இல்லை. கட்டிலின் உயரத்தைவிட அது ஒரு முழம் மேலே இருந்தது.

இனி இங்கே இருக்கக்கூடாது. கீழே போய் வண்டியை எதிர்பார்த்து நிற்கலாம், ஆட்களைக் கூட்டி வந்து இவரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கதவை இழுத்தாள். வரவில்லை. மரம் தண்ணீர் குடித்து உப்பி நிலையோடு இறுகியிருந்தது. கால் கொடுத்து இழுத்ததில் ஒரு விரற்கடை அசைந்தது. அப்போது வெளியே கொண்டி குலுங்கியது.

பூட்டியிருந்தது.

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம்.

தெருவில் வண்டியின் ஹாரன். இரண்டு முறை. ஐந்தரை.

“சார்! மூணாவது மாடி! இங்க ஆள் இருக்கு!” என்று கத்தப் போனாள். கத்துவதற்கு வாய் திறந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. குரல் வரவில்லை. தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. பல நாள் தண்ணீர் குடிக்காதவளின் தொண்டை.

படியில் காலடி. ஒரே ஒருவர். மெதுவாக, ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று.

கடவுளே, வந்துவிட்டார்கள்.

கதவை மூன்று முறை தட்டினார்கள்.

“யாராவது இருக்கீங்களா?”

அவளுடைய குரல்.

கதவோரம் தரையில் மண்டியிட்டாள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விழுந்திருந்த விரற்கடை இடுக்கில் வெளிச்சம், அதில் இரண்டு பாதங்கள். சேறு அப்பிய செருப்பு. இடது வாரில் சிவப்பு நூல் தையல். போன மாதம் அவளே போட்டது. அதே செருப்பு அவள் காலிலும் இருந்தது.

டம்ளர். எப்படித் தவழ்ந்தாள், எப்படி எடுத்தாள் தெரியாது. கட்டில் கம்பியில் அடித்தாள்.

டங்.

கை கனத்தது. பலம் சேர்த்தாள்.

டங்.

கணவரின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. சில்லென்று இருந்தன. “உடனே வா” என்றார். அவளிடம் சொல்லவில்லை, கதவுக்கு வெளியே நின்றவளிடம் சொன்னார்.

டங்.

வெளியே திரும்பிய பாதங்கள் நின்றன.

கேட்டுவிட்டது. உள்ளே இருக்கும் இவளுக்கு அது தெரியும். எலி என்று வெளியே நிற்பவள் நம்பவே இல்லை, ஒரு நிமிடம்கூட. கையில் பேனா இருக்கிறது, ஃபாரத்தில் ஒரு கோடு இருக்கிறது, இன்னும் பதினோரு வீடு இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. போன் அடித்தது.

வேண்டாம்டி. வேண்டாம்.

பிறகு மரத்தில் சாக்பீஸ் உரசியது. கீழிருந்து தொடங்கி. வலப்பக்கமாக ஏறி. மேலே வளைந்து. இடது பக்கம் இறங்கி, துளி இடைவெளி விட்டு நின்றது. அதன் கீழே தேதி.

செருப்பு படியிறங்கிப் போனது. சற்று நேரத்தில் வேறு கால்கள் வேகமாக ஏறி வந்தன. ஊசி மருந்துப் பெட்டியின் கண்ணாடிக் குப்பிகள் குலுங்கும் சத்தம். டார்ச் வெளிச்சம் இடுக்கில் ஒரு கணம் பாய்ந்து, தண்ணீர் மேல் ஆடியது.

“இந்த வீடு?”

“பாத்தாச்சு சார். வட்டம் போட்டிருக்கு.”

வெளிச்சம் விலகியது. தண்ணீர் கட்டிலின் விளிம்பைத் தொட்டது. பூட்டிய கதவுக்குள், இருட்டில், இரண்டு கைகள் ஒரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தன. மூன்று. மூன்று. மூன்று.