காற்றளவு

சென்சாரின் கம்பியில் ஈரம் இருந்தது.

மாரிக்கண்ணன் அதைத் தகரக் கூரையின் நிழலிலிருந்து வெயிலுக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜீப் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்று அளந்து சொல்லும் விரல் நீளக் கருவி அது. காட்டுக்குள் ஓடுகிற வண்டியென்றால் கரிசல் புழுதி ஃபில்டரையும் தாண்டி எண்ணெய்ப் பிசுக்கோடு அதில் அப்பிக்கொள்ளும். ஆமத்தூர் ரோட்டில் பட்டறை போட்ட பதினோரு வருடத்தில் அவன் பார்க்காத அழுக்கு இல்லை. ஆனால் மழை பெய்து நாலு மாதமான ஊரில், சித்திரை வெயிலில், கண்ணாடியில் வாய் வைத்து ஊதினாற்போல் பனித்திருக்கும் இந்த ஈரத்தை அவன் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. பத்து நாளில் இது மூன்றாவது தடவை.

“தண்ணிக்குள்ள எதுவும் இறக்குனியாலே?”

“கண்மாயே வறண்டு கெடக்கு, தண்ணிக்கு எங்கண்ணே போக?” என்றான் ஊர்க்காவலன். பட்டாசுக் கம்பெனி முதலாளியின் டிரைவர். வண்டியின் பக்கமே வராமல் ரோட்டோரத்தில் நின்றான். “மேட்டுல இழுக்க மாட்டேங்குது. திணறுது. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க.”

மாரிக்கண்ணனுக்கு அவன் கூடப் பிறக்காத தம்பி. மூன்று மாதத்துக்கு முன் கம்பெனியில் மருந்து அறை வெடித்து ஐந்து பேர் செத்த அன்றுதான் அங்கே மருந்து கலக்கும் மாரிக்கண்ணனின் மனைவி இருளம்மாள் காணாமல் போனாள். அன்றைய வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. வேலைக்கே வரவில்லை என்றார்கள். யாரோடோ போய்விட்டாள் என்று தெரு பேசியது. அவள் போட்டோவை வைத்துக்கொண்டு சாத்தூர், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டெல்லாம் கூட அலைந்தவன் ஊர்க்காவலன் ஒருவன்தான். “மதினி அப்படிப்பட்டவுக இல்லண்ணே” என்று அவன் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மாரிக்கண்ணன் இத்தனை நாள் சோறு தின்றான்.

கம்பியைத் துணியால் தொடக்கூடாது. அழுக்கு நீக்கும் ஸ்பிரேயை நாலு முறை அடித்து, காயும் வரை காத்திருந்து, காற்றுக் குழாயில் பொருத்தி இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான். சென்சாரின் அளவைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மாட்டிச் சாவியைப் பாதி திருப்பினான். இன்ஜின் ஓடாதபோது உள்ளே காற்றும் ஓடாது. திரையில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

பூஜ்யம் இருந்தது. பிறகு எண் மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

வெளிக்காற்று புகுகிறதோ என்று நிமிர்ந்து பார்த்தான். கூரையில் தொங்கிய பழைய டியூப்கூட அசையவில்லை. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. கிரீஸும் சூடேறிய தகரமும் மணக்கும் பட்டறைக்குள் இப்போது வேறொரு வாடை, தீய்ந்த மயிரும் பட்டாசு மருந்தும் கலந்த வாடை, பானெட்டுக்கு அடியிலிருந்து இழையிழையாக எழுந்து வந்தது. அதோடு, காதை வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, குழாய்க்குள் ஒரு சத்தம். மூன்று முறை சீராக. நாலாவது பாதியில் சிக்கி, மெல்லிய விசிலோடு வெளியேறியது.

அந்த விசிலுக்குப் பக்கத்தில் அவன் பன்னிரண்டு வருடம் படுத்துத் தூங்கியிருக்கிறான். மருந்து கலக்கிக் கலக்கிக் கெட்டுப்போன நெஞ்சு அது.

சாவியை உருவினான். எண் நிற்கவில்லை. சென்சாரின் வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. ஏறியது. இறங்கியது.

பின்னால் செருப்புச் சத்தம். ஊர்க்காவலன் வந்து திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“இன்னும் நிக்கலையா?” என்றான்.

“எது நிக்கலலே?”

ஊர்க்காவலன் அப்படியே மண்ணில் குத்தவைத்தான்.

“அன்னைக்கு மதினி வேலைக்கு வந்திருந்தாகண்ணே. கணக்குல காட்டாத ஆளு. உசுரோடதான் தூக்குனோம். ஆசுபத்திரிக்குன்னு சொல்லித்தான் இந்த வண்டில ஏத்துனாக. ரோட்டுக்கு வந்ததும் முதலாளி போன் பண்ணுனாரு. காட்டுக்குள்ள விடுலேன்னாரு.”

“ஆசுபத்திரி பத்து நிமிசம்.”

“தெரியும்.”

“எம்புட்டு நேரம்லே சுத்துன?”

“மூச்சு நிக்கட்டும்னு சுத்துனேன். டீசல் தீர்ற வரைக்கும்.”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இவன் தோளில் தான் சாய்ந்து அழுதது மாரிக்கண்ணனுக்கு நினைவு வந்தது. தன் முதுகைத் தடவிக்கொடுத்த கை. அதே கைதான் அன்று இந்த வண்டியை ஓட்டியிருக்கிறது.

“எங்கன போட்ட அவள?”

“போடல.” ஊர்க்காவலன் வண்டியைப் பார்க்காமல் சொன்னான். “நின்னு தெறந்தா சீட்டுல ஆளில்ல. நாலு கதவும் பூட்டுனது பூட்டுனபடி இருந்துச்சு. மூச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க கழுவுனா ரெண்டு நாளைக்கு அடங்குது. அதான்… அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்.”

மாரிக்கண்ணன் தன் கைகளைப் பார்த்தான். மூன்று தடவை. அவள் மூச்சின் ஈரத்தை அவனே கழுவி விட்டிருக்கிறான்.

குழாய்க்குள் சத்தம் நின்றது.

திரையில் பூஜ்யம்.

பிறகு அது வேறு இடத்திலிருந்து வந்தது. வண்டிக்குள்ளிருந்து.

“பாக்காதீகண்ணே,” என்றான் ஊர்க்காவலன்.

மாரிக்கண்ணன் பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்தான். யாரும் இல்லை. வெறும் ரெக்ஸின் சீட். அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. ஓரத்திலிருந்து சீட் பெல்ட் தானாக, மெதுவாக உருவிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லாத இடத்தின் மேல் வளைந்தது. கொக்கி மாட்டிக்கொண்டது.

பெல்ட் புடைத்தது. தணிந்தது. புடைத்தது.

தலை சாய்க்கும் இடத்திலும் ஒரு குழி இருந்தது. அது மெல்ல, ரெக்ஸின் நறநறக்க, அவன் பக்கமாகத் திரும்பியது.