வறுபடாத கோப்புகள்

நித்திலா தன் நோயை ஒன்பது நாளைக்கு முன்பே வறுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

மானாமதுரை விதையேட்டுக் காப்பகத்தில் அழிப்புப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மருத்துவமனைகளும் கம்பெனிகளும் தங்கள் ரகசியக் கோப்புகளைப் பாசிப்பயற்றின் மரபணுவில் எழுதி அங்கே அனுப்பின. ஒருவருடைய கோப்புக்கு ஒரு கைப்பிடிப் பயறு. ஒவ்வொரு மணியிலும் முழுப் பிரதி. இணையக் கம்பியில் போவதைத்தானே களவாட முடியும்? இது காவலோடு துணிப்பையில் வந்து, குளிர்க்குடுவையில் தூங்கியது. கெடு முடிந்ததும் வறுகலத்தில் கருக்கிவிடுவார்கள். கருகிய விதையைப் படிக்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை.

கெடு முடிந்த ஏழு பைகளில் ஒன்று அவளுடையது. பத்து வருடங்களுக்கு முன் ஆறு மாதம் ஒரு சொல்லும் பேசாமல் மனநல மருத்துவமனையில் கிடந்த கதை அதற்குள் இருந்தது. அதை யாருக்கும் சொல்லிவிடாமல் இருக்கத்தான் ஓயாமல் வேறு எதையாவது பேசுகிறோமோ என்று அவளுக்கே சில சமயம் தோன்றும். அந்தப் பைக்குச் சிவப்பு நூல் கட்டி, வறுகலத்தைப் பார்த்துக்கொள்ளும் ரங்கநாயகியிடம் கொடுத்தாள். அழிப்புச் சான்றில் கையெழுத்தும் போட்டாள்.

இன்று மாரியம்மன் கோயில் முளைப்பாரி. காப்பகத்துப் பெண்கள் ஏழு பேர் பாரியைத் தலையில் சுமந்து குலவையிட்டுக்கொண்டு வந்தார்கள். ரங்கநாயகியின் பாரி மட்டும் முழங்கை உயரம் நின்றது.

“என்னக்கா, உரம் கிரம் போட்டீகளா?”

“உரமாவது! நீ வறுக்கச் சொன்ன ஏழு பைதான்டி. சாகப்போற பயறு சாமிக்காச்சும் மொளைக்கட்டுமேன்னு எடுத்துவச்சு, ஏழு பேரும் ஆளுக்கொரு பையா பாரி போட்டோம். வறுகலத்துல ரேஷன் பயறப் போட்டேன், எடை சரியாப் போச்சு. இது செவப்பு நூல் கட்டுன பை. என்னமா வளந்திருக்கு பாரு!”

நித்திலா பாரிகளை எண்ணிப் பார்த்தாள். ஏழு பேரின் அந்தரங்கம் மேளதாளத்தோடு போய்க்கொண்டிருந்தது. காவல் இருக்கிறதே என்று விதைக்குள் தனிப்பூட்டு எதுவும் வைத்திருக்கவில்லை. பயிர் நோய் பார்க்கும் இலைமானியோ இங்கே எல்லா விவசாயியின் சட்டைப்பையிலும் உண்டு. இலையைத் தொட்டால் மரபணுவை வாசித்துவிடும்.

காப்பகத்துக்கு அடுத்த வயற்காரர் சங்கையா அதற்குள் இலைமானியை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். “ஆத்தாடி, இம்புட்டு ஒசரமா! என்ன ரகம்னு பாத்துருவோம்.”

அவள் வாயை மூடிக்கொண்டால் பயிர் பேசிவிடும். குறுக்கே பாய்ந்தாள்.

“தொடாதீக மாமா. அது நான்.”

“எது?”

“அந்தப் பயிருதான். என் ஆஸ்பத்திரிக் கோப்பு. ஆறு மாசம் பேச்சே இல்லாம மனநல ஆஸ்பத்திரில கெடந்தேன்.”

ரங்கநாயகிதான் வாயைத் திறந்தாள்.

“பேசாம இருந்தியா? நீயா? ஒன் வாய மூட வழி தெரியாம ஆபீசே தவிக்குதேடி!”

சிரிப்பு தெருமுனை வரை போனது. நித்திலாவும் சிரித்தாள். பத்து வருடம் பயந்த பயம் ஒரு சிரிப்புக்குத் தாங்கவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

“மத்ததுலயும் ஆளுக இருக்காகளா?” என்றார் சங்கையா. இருக்கிறார்கள் என்றதும் இலைமானியைப் பைக்குள் போட்டார். பாரிகள் ஊருணியில் கரையும்வரை, “தள்ளிப்போங்கப்பா, உள்ள ஆளுக இருக்காக!” என்று அவரே முன்னால் நடந்து காவல் காத்தார்.

மறுநாள் நித்திலா மற்ற ஆறு பேருக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பேர் திட்டினார்கள். நான்கு பேர், தங்கள் பயறு எவ்வளவு உயரம் வளர்ந்தது என்று கேட்டிருந்தார்கள்.

சேதி பரவியது. ஒரே மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்தன: கெடு முடிந்தால் என் கோப்பை வறுக்க வேண்டாம், அடுத்த முளைப்பாரியில் விதையுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கிட்டத்தட்ட ஒரே வேண்டுகோள்: இப்படிக் கேட்டது நான்தான் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

அப்படியானால் விண்ணப்பமும் ரகசியக் கோப்புதான். விதிப்படி பத்து வருடம் காக்க வேண்டும். நித்திலா பெருமூச்சு விட்டுக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு கைப்பிடிப் புதுப் பயறு வேண்டுமென்று எழுதிப் போட்டாள்.