ஏழாம் சீட்டு

துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்துக்குள் கையை விட்டாள். ஏழு மட்டும் வேண்டாம். வேறு எது வந்தாலும் சமாளித்துவிடலாம். மடித்த சீட்டைப் பிரித்தாள். ஏழு.

பின்னால் நின்ற ரிஸ்வான் எட்டிப் பார்த்தான். "மறுபடியும் அந்தச் சனியனா? உன்ற கைக்கும் அதுக்கும் என்னடி ஒறவு?"

"பேசாம இருடா. அழுகை வருது எனக்கு."

இயந்திரவியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் மற்ற எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது அளவியல் செய்முறைத் தேர்வு ஒன்றுதான். ஒரே அரியரில் மூன்று முறை தவறினால் பெயரையே நீக்கிவிடுவார்கள். படித்த வருடங்கள் அத்தனையும் இல்லையென்று ஆகிவிடும். இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது இதே சீட்டு. அவள் ஒழுங்காக அளந்தாள், அளந்ததை எழுதினாள், தோற்றாள்.

"இங்க கேளு," ரிஸ்வான் குரலைத் தாழ்த்தினான். "விடை இருபத்தஞ்சு மில்லிமீட்டர். காலேஜ் நாய்க்குக்கூடத் தெரியும். முதல்ல விடையை எழுதிரு. அப்புறம் அதுல இருந்து பின்னாடியே வந்து ரீடிங்கைப் போட்டுக்க. நான் முதல் வருசத்துல இருந்து ஒரு ரீடிங்கும் நெசமா எடுத்ததில்ல. எனக்கு எங்காச்சும் அரியர் இருக்குதா?"

"கருவியில வரி வரியா கண்ணு முன்னாடி தெரியுதேடா!"

"கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு எழுது."

மேசைமேல் ஒரு தண்டு இருந்தது. ஏதோ ஒரு மின்தூக்கியில் வெகுகாலம் சுழன்றுவிட்டு, சோதனைக்காகக் கழற்றி அனுப்பப்பட்டது. ஊரிலுள்ள பாலத்தையும் பேருந்தையும் கதவுத் தாழ்ப்பாளையும் போல அதுவும் தழும்பெஃகு. அந்த உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகள் கோடிக்கணக்கில் பொதிந்திருக்கும். எங்காவது விரிசல் விழுந்தால் அங்குள்ள உறைகள் உடைந்து, உள்ளே இருக்கும் நிரப்பி விரிசலுக்குள் ஓடி இறுகிக்கொள்ளும். முழங்கையில் பட்ட சிராய்ப்பு ஆறுவது போலத்தான். தழும்பெஃகு வந்த பிறகு எதுவும் முறிந்ததாகச் செய்தி இல்லை. பழுது பார்க்கிறவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அளந்து பார்க்கிறவர்கள் மட்டும் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்குத்தான் துளசிமணி படித்தாள்.

ஏழாம் சீட்டுக்குரிய கருவியின் பெயர் ஒளிவரி அளவி. பார்க்கப் பழசு, ஆனால் அதைப் போல அழகான கருவி அந்த ஆய்வகத்திலேயே கிடையாது. தண்டையும், சரியாக இருபத்தைந்து மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு படிகக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின்மேலும் ஒரு தட்டைக் கண்ணாடியைப் படுக்கப் போடவேண்டும். இரண்டும் ஒரே உயரமென்றால் கண்ணாடி சமமாகப் படுத்துக்கொள்ளும். ஒன்று துளி உயர்ந்திருந்தாலும் சாயும். அடியில் ஆப்பு வடிவத்தில் காற்று நிற்கும். ஒற்றை நிற ஒளியை அதன்மேல் விழவிட்டால் அந்தக் காற்றிடுக்கில் கறுப்பு வரிகள் தோன்றும். ஒவ்வொரு வரியும் ஒளியின் அரை அலைநீள உயரத்தைக் காட்டும். வரிகளை எண்ணிப் பெருக்கினால் போதும்; ஒளி யாருக்காகவும் தன் அளவை மாற்றிக்கொள்ளாது.

துளசிமணி எண்ணினாள். நாற்பத்தெட்டு வரிகள். பெருக்கினால் பதினான்கு மைக்ரான், தலைமுடியின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தண்டு அவ்வளவு பருத்திருந்தது.

ஏன் என்பதும் அவளுக்குத் தெரியும். சென்ற முறை தோற்றதிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். பனிப்பெட்டியில் தண்ணீர் உறையும்போது பாட்டிலை உடைக்கிறதல்லவா? நிரப்பியும் அப்படி, இறுகும்போது விரியும். விரிந்தால்தான் விரிசலை இறுக்கி அடைக்க முடியும். ஆக, ஆறிய ஒவ்வொரு கீறலும் உலோகத்தைச் சற்றே பெரிதாக்கிவிட்டுப் போகிறது. தண்டைச் சரிபார்க்கும் வளைய அளவியும் தழும்பெஃகுதான். அதுவும் கூடவே பருக்கிறது, அதன் துளையும் அகலமாகிறது. தண்டை உள்ளே விட்டால் அம்சமாகப் பொருந்துகிறது. விடைத்தாளில் இருந்த இருபத்தைந்து அந்த வளையம் சொன்ன எண்.

சென்ற முறை நேர்முகத்தில் இதைச் சொல்லிப் பார்த்தாள். தேர்வாளர் சிரித்துவிட்டு அவள் தாளில் 'கைத்தப்பு' என்று எழுதினார்.

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தவறினால் நாளையிலிருந்து அவள் யார்? வரிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினாள். கண்ணாடிக்கடியில் நாற்பத்தெட்டு வரிகளும் அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெளித்தேர்வாளர் வாசுகி மேடம், வாயே திறக்காதவர் என்று பெயர் எடுத்தவர், தாளைப் பார்த்துப் புன்னகைத்தார். "சுத்தமான ரீடிங். நூத்துக்கு நூறு." கையிலிருந்த மின்பலகையில் விரலை வைத்தார். அது ஒருமுறை மினுக்கியது. "போயாச்சு."

"எங்கங்க மேடம்?"

"தழும்பெஃகு வாரியத்துக்கு. தெரியாதா? அவங்ககிட்ட இருக்கற கருவியெல்லாம் அதே எஃகு. உலோகம் கலக்காத சோதனைன்னு வெளியில இருந்து வர்றது உங்க ஏழாம் நம்பர் மட்டும்தான். வருஷா வருஷம் பூஜ்யம்தான் வருது. அதை நம்பித்தான் ஊரே நடக்குது."

துளசிமணி குரலைத் தாழ்த்தினாள். "பூஜ்யம் வராதவங்க ரீடிங் என்னாகுதுங்க?"

"பெயிலான பிள்ளைங்க ரீடிங்கை யாரும்மா சேர்ப்பாங்க? தள்ளிடுவாங்க."

இப்போதே சொல்லிவிடலாம் என்று உதட்டைப் பிரித்தாள். தாளின்மேல் இருந்த அந்த நூறு கண்ணில் பட்டது. மூடிக்கொண்டாள்.

ரிஸ்வான் கூவிக்கொண்டே படிக்கட்டில் இறங்கி ஓடினான், கான்டீனில் பிரியாணிக்கு இடம் பிடிக்க. துளசிமணி மின்தூக்கியில் ஏறினாள். வாசுகி மேடமும் ஏறினார். இரண்டு மாடி இறங்கியதும் பெட்டி மெல்ல முனகி, நின்றுவிட்டது.

"பழுது எதுவும் இல்லை. எல்லா அளவும் சரி," என்றது மின்தூக்கியின் குரல்.

எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பதில். துளசிமணி சுவரில் கை வைத்தாள். உலோகம் விறைத்து அதிர்ந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டி ஏறி இறங்கும் இரு பக்கத் தண்டவாளங்களும் பருத்திருக்கின்றன, பெட்டியும் பருத்திருக்கிறது. ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் சுவர் கான்கிரீட். அது வளராது. உலோகம் உலோகத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தது. சுவரோடு வைத்து யாரும் அளக்கவில்லை.

சற்று நேரத்தில் வெளியே கால்கள் தடதடத்தன. இரண்டு கதவுகளுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு. தபால் அட்டை நுழையலாம். அதன் வழியே மீட்பு விளக்கின் மஞ்சள் ஒளி உள்ளே கோடாக விழுந்தது.

"ஏ துளசி! உள்ளயா இருக்கற? மூச்சு வருதா?" ரிஸ்வானின் குரல் உடைந்திருந்தது.

"பயப்படாதீங்க அம்மிணி." இது வேறு குரல். "நான் சென்னியப்பனுங்க, மீட்புப் படை. தண்டவாளத்தை வைர வாள்ல அறுத்துட்டா பெட்டி தானா எறங்கிரும்."

வாள் உறுமியது. துளசிமணி இடுக்கில் கண்ணை வைத்தாள். வாள் முன்னே போகப் போக, அறுத்த வாய் பின்னாலேயே பளபளவென்று மூடிக்கொண்டு வந்தது. பெட்டி கிறீச்சிட்டது. இடுக்கு பாதியாகக் குறுகியிருந்தது.

"நிறுத்துங்க! அறுக்காதீங்க! அறுத்த எடமெல்லாம் ஆறி இன்னும் வீங்குதுங்க! சுவரை இடிங்க, சுவரை!"

வாள் நின்றது. "வீக்கமுங்களா? வளையம் போட்டுப் பாத்துட்டமுங்க, அளவு சரியா இருக்குது."

"அந்த வளையமும் வீங்கியிருக்குங்க!"

"சுவரை இடிக்கோணும்னா வாரியத்து ஒளியளவுல வீக்கம்னு இருக்கோணுமுங்க. இருங்க, பாத்துச் சொல்றேன்." பலகையைத் தட்டும் ஓசை கேட்டது. "பூஜ்யம்னு வந்திருக்குது. இன்னிக்கு அளந்ததுதான், இதே காலேஜ்ல. துளசிமணின்னு ஒரு பொண்ணு. நூத்துக்கு நூறு."



துளசிமணி நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டாள். "அது நான்தானுங்க. அது பொய். நாப்பத்தெட்டு வரி இருந்துச்சு, பாஸாகறதுக்காகப் பூஜ்யம்னு எழுதுனேன். பட்டம் வேண்டாங்க, எடுத்துக்கங்க. தேர்வாளர் மேடமும் உள்ளதான் இருக்காங்க, கேட்டுக்கங்க. சுவரை இடிங்க!"

"மேடம், நெசமுங்களா?" என்றார் சென்னியப்பன்.

வாசுகி மேடத்தின் முகம் வியர்வையில் மின்னியது. "நிஜம்தான்," என்றார். பிறகு மெல்ல, துளசிமணிக்கு மட்டும் கேட்கும்படி, "நான் படிக்கறப்ப எனக்கும் ஏழுதான் விழுந்துது. நானும் பூஜ்யம்தான் எழுதினேன்."

"அப்ப விதிப்படி அந்தப் பொண்ணு பாஸுங்களா, பெயிலுங்களா?"

வாசுகி மேடம் துளசிமணியைப் பார்த்தார். "பெயில்."

வெளியே ஒரு பெருமூச்சு. "பெயிலானவங்க சொல்ற அளவை எடுத்துக்கக் கூடாதுன்னு வாரியத்து உத்தரவுங்க அம்மிணி. நான் என்னங்க பண்ணட்டும்?"

"அண்ணா, அவ சொல்றதைக் கேளுங்கண்ணா!" ரிஸ்வான் கத்தினான்.

"நீ அளந்து பாத்திருக்கியா தம்பி?"

"இல்லண்ணா."

வாள் மறுபடி உறுமியது. இடுக்கு காகிதத்தின் கனத்துக்கு வந்து, அதற்கும் கீழே போனது. அந்த ஒடுக்கத்தில் நுழைந்த மஞ்சள் ஒளி இருபுறமும் விரிந்து, நடுநடுவே கறுப்பு வரிகள் தெரியத் தொடங்கின.

"எல்லா அளவும் சரி," என்றது குரல்.

துளசிமணி கன்னத்தைக் கதவோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றுகூட விடாமல் வரிகளை எண்ணினாள்.